ஐந்து ஞாயிறு வந்த மே

மே 18, 1976. செவ்வாய்.
இன்றைய தவறு: முற்பகல் பதினொன்றே முக்காலுக்கு ஒரு பெண் வானொலி நிலையத்துக்கு போன் செய்து, "ஸ்டாம்ப்பர் குன்றுக்கு நாலாவது ஞாயிறா, கடைசி ஞாயிறா?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதானேங்க, இருபத்து மூணாம் தேதி," என்றேன். போனை வைத்த பிறகு நாட்காட்டியைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றில்லை. இந்த வருடம் மே மாதத்தில் ஐந்து ஞாயிறு. இன்னொரு தவறு: அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கிளென்னா நேப்பியர் பேனாவை மூடினாள். நோட்டை மூட மனம் வரவில்லை. மாலை வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. லிக்ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியில் செவ்வாயும் வியாழனும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை, வேலைக்குப் போகிறவர்களுக்கான எழுத்து வகுப்பு. தினமும் தேதி போட்டு நாலு வரி எழுதுங்கள், அது போதும் என்று ஆசிரியர் ராலி டாக்கெட் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த நாலு வரிக்கும் கிளென்னா தானாக ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டாள். முதலில் அன்றைய தவறு, பிறகு அன்றைய வேலை, கடைசியில் மறுநாள் செய்ய வேண்டியது. எதையும் ஒழுங்குபடுத்தும் அந்தப் பழக்கத்தால்தான் இன்று மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த மலைப்பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குன்று, குன்றின் மேல் ஒரு கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் வருடத்தில் ஒரு பூ ஞாயிறு. இரண்டு நாள் முன்பே புல் வெட்டி, அன்றைக்குப் பூ வைப்பார்கள். பிரசங்கியார் பேசுவார், பாட்டு இருக்கும். புல்தரையில் துணி விரித்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒஹாயோ தொழிற்சாலைகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் வருடத்தில் அந்த ஒரு நாளைத் தவற விடுவதில்லை. எந்தக் குன்றுக்கு எந்த ஞாயிறு என்பதை ஏப்ரல் கடைசியிலிருந்து தினமும் காலை ஏழே காலுக்கு வானொலி சொல்லும். வானொலி என்றால் ஊரில் ஒன்றுதான். டயலில் அது இருக்கும் இடத்தை வைத்துப் 'பன்னிரண்டு தொண்ணூறு' என்று கூப்பிடுவார்கள். காலை அறிவிப்புகளைப் படிப்பது இரண்டு வருடமாகக் கிளென்னாவின் வேலை.

போன பிப்ரவரி வரை அந்தத் தகவலெல்லாம் ஒரு செருப்புப் பெட்டிக்குள் துண்டுத் தாள்களாகக் கிடந்தது. தீவனக் கடை ரசீதின் பின்புறம் ஒன்று, தேவாலயச் சீட்டின் ஓரம் ஒன்று. கிளென்னாவுக்கு அதைப் பார்த்தாலே கை நமைக்கும். பனி பெய்த ஒரு வாரத்தில் நாற்பத்தொரு கல்லறைத் தோட்டத்துக்கும் நாற்பத்தொரு அட்டை தட்டச்சு செய்தாள். மாதம், அதன் கீழே ஞாயிறின் எண். மே 1, மே 2, ஜூன் 2 என்று வரிசையாக அடுக்கியதும் மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. பழைய துண்டுகளை அடுப்பில் போட்டாள்.

ஸ்டாம்ப்பர் குன்றின் துண்டில் 'நாலாவது' என்று இருந்ததா, 'கடைசி' என்று இருந்ததா? 'கடைசி' என்று எழுதியிருந்தால் எண்வரிசையில் அதற்கு இடம் இருந்திருக்காது. தானே அதை நாலாக்கியிருப்பாள். அப்படிச் செய்திருக்கக்கூடிய ஆள்தான் தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

டாக்கெட் வந்து போன வாரத்துக் கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்தார். கிளென்னா எழுதியிருந்தது தன் வேலையிடத்தின் வரலாறு. பதினோரு பக்கம். 1949 மே 22 அன்று ஹோபர்ட் சைஸ்மோர் தீவனக் கடை மாடியில் இரண்டு அறையில் நிலையத்தைத் தொடங்கியது, எதிரொலி அடங்கச் சுவரில் பழைய மெத்தைகளை ஆணியடித்தது, சனிக்கிழமை நண்பகலில் சுரங்கத் தொழிலாளர்கள் கழுவாத முகத்தோடு பேஞ்சோவும் பிடிலும் தூக்கி வந்து ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடியது. உரத்துப் பாடுகிறவனைச் சுவரோரம் தள்ளி நிறுத்துவார்களாம். 1951 முதல் 1956 வரை ஐந்து வருடம் ஸ்டாம்ப்பர் சகோதரர்கள் பாடினார்கள். டென்வர் முதன்மைக் குரல், லோன்ஸோ கிதார், கிரிட் மேண்டலின். 1963இல் இரண்டு வாரம் நகரத்து ஆட்டப்பாட்டு போட்டுப் பார்த்து, வசவு கேட்டு, கன்ட்ரி என்ற நாட்டுப்புறப் பாட்டுக்கே திரும்பியது. எல்லாம் இருந்தது.

டாக்கெட் சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு வரிக்கு அடியில்தான் கோடு போட்டிருந்தார். "இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு அடக்கத்தையோ ஒரு பூ ஞாயிறையோ இந்த நிலையம் தவறாகச் சொன்னதில்லை." ஓரத்தில் எழுதியிருந்தார்: எப்படித் தெரியும்?

தெரியாது. ஹோபர்ட் சொன்னார். வருடத்துக்கு ஒரு முறை வானொலியிலேயே சொல்வார். இந்தச் சனிக்கிழமை நிலையத்தின் பிறந்தநாள். அன்று நண்பகல் கிளென்னா தன் பதினோரு பக்கத்தையும் மைக்கில் படிக்க வேண்டும், அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது ஹோபர்ட்டின் கட்டளை.

*

புதன் காலை நிலையத்தின் ஒலிபரப்புக் கோபுரத்தைச் சுற்றி மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. உள்ளே எஸ்டில் பெக்லி இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகக் காலை நிகழ்ச்சி அவருடையது. நிலையத்தில் அவர் முணுமுணுக்காத நாளில்லை, விடுப்பு எடுத்த நாளும் இல்லை.

"என்ன தங்கச்சி, முகம் வெளிறிக் கிடக்கு? காப்பியில எதையாவது கலந்துட்டியா, சொல்லிடு, நான் குடிக்கல."

"எஸ்டில், ஸ்டாம்ப்பர் குன்று எந்த ஞாயிறு?"

"அட்டையைப் பாரு. அதுக்குத்தானே நாற்பத்தொண்ணு தட்டுன."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேக்கறேன்."

"எனக்கு என் கல்யாண நாளே ஞாபகம் இல்ல. ஏழு பதினாலு ஆச்சு, உக்காரு."

ஆர்கன் இசைத்தட்டு மெல்ல ஒலிக்க, சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு அடக்கச் செய்தி படித்தாள். பூ ஞாயிறு அட்டைகளுக்கு வந்தாள். ஸ்டாம்ப்பர் அட்டையைத் தாண்டிவிடலாம். தாண்டினால் யாராவது போன் செய்து ஏன் தாண்டினாய் என்று கேட்பார்கள். ஒருவேளை நாலாவதுதானோ என்னவோ. வாய் தானாகப் படித்துவிட்டது. "ஸ்டாம்ப்பர் குன்று. மே மாதம் நாலாவது ஞாயிறு, இருபத்து மூன்றாம் தேதி." குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எட்டு மணிக்கு போன் அடித்தது.

"கண்ணு, நீதானே அறிவிப்புப் படிக்கிற பொண்ணு? நான் ஐவா ஸ்டாம்ப்பர். நேத்து கூப்பிட்டேனே."

கிளென்னா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க."

"உனக்கு ஒரு நன்றி சொல்லலாம்னுதான். நானும் கடைசி ஞாயிறுன்னே நினைச்சிக்கிட்டிருந்தேன். அப்புறம் ரேடியோல நாலாவதுன்னு வந்துச்சா, சரி, மே கடைசியில வர்ற லீவு நாள் கூட்டத்துல ரோடு அடைச்சுக்கும்னு பெரியவங்க யாரோ மாத்திட்டாங்க போலன்னு நினைச்சேன். உன்கிட்டக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். நேத்து சாயங்காலமே ஒஹாயோவுல, டேட்டன்ல இருக்கிற லோன்ஸோவுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"லோன்ஸோ ஸ்டாம்ப்பரா? பாடுவாரே, அவரா?"

"அவரேதான், என் கொழுந்தன். அவர் வேலை பாக்கிற கண்ணாடி உலை நிக்கவே நிக்காது, லீவு கிடைக்கிறது குதிரைக்கொம்பு. கடைசி வாரம் அவருக்கு லீவு இருந்துச்சு. அதை வேறொருத்தனுக்குக் குடுத்துட்டு இந்த ஞாயித்துக்கிழமையை வாங்கிட்டாரு. ராத்திரியே ஆளைப் பிடிச்சு மாத்திட்டாரு பாரேன்."

கிளென்னாவின் கண் நாட்காட்டியில் முப்பதாம் தேதிக்குப் போனது.

ஐவா நிறுத்தவில்லை. கணவர் டென்வர் போன அக்டோபரில் இறந்தது, கல்லறைக் கல் இப்போதுதான் வந்திருப்பது, அதை நிமிர்த்தி வைக்கத் தம்பிகள் இருவருமே வருவதாக அடக்கத்துக்கு முன்பே சொல்லியிருப்பது. "அடக்கத்தன்னைக்கு ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சு, தெரியுமா? மூணு பேரும் பாடின பழைய டேப்பைப் போடலாம்னு லோன்ஸோ சொல்ல, அண்ணனுக்கு டேப்பா, நாம நின்னு பாடணும்னு கிரிட் சொல்ல, கடைசியில பாட்டே இல்லாமப் புதைச்சோம். அதுல இருந்து பேச்சில்ல. இப்ப கல்லுக்காவது ஒண்ணா வர்றாங்களேன்னு இருக்கு."

"கிரிட்டுக்கும் தேதி சொல்லிட்டீங்களா?"

"அவனும் ஒஹாயோவுலதான், ஹாமில்டன்ல இருக்கான். நான் லோன்ஸோ பக்கம்னு நினைச்சிக்கிட்டு என் குரல் கேட்டாலே போனை வச்சிடறான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கும் கண்ணு, ஊர்ல இருந்து யாராவது சொல்லியிருப்பாங்க."

கிளென்னா வாயைத் திறந்தாள். நாளை உறுதி செய்துகொண்டு சொல்லலாம், உறுதியில்லாமல் சொல்லி இரண்டாவது தடவை தவறினால் என்ன ஆகும் என்று ஒரு குரல் உள்ளே நியாயமாகவே பேசியது. "சரிங்க," என்று போனை வைத்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதினாள்: "இன்றைய தவறு: தெரிந்தே படித்தேன். ஊரிலிருந்து யாரும் கிரிட்டுக்குச் சொல்லவில்லை என்றால் அவர் வழக்கப்படி 30ஆம் தேதி வருவார். லோன்ஸோ 23ஆம் தேதி வருவார். வேண்டுமென்றே வரவில்லை என்று ஒருவரைப் பற்றி ஒருவர் நினைப்பார்கள். நாளை: பழைய நாட்பதிவுகளைப் பார்க்க வேண்டும்."

*

நிலையத்தில் ஒலித்தது எல்லாம் நிமிடம் தவறாமல் நாட்பதிவில் ஏறும். இருபத்தேழு வருடப் பதிவுகள் ஒலிபரப்பு இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த சூடான அறையில் பெட்டி பெட்டியாக இருந்தன. வியாழன் மதியம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கிளென்னா தேடினாள். மே மாதத்தில் ஐந்து ஞாயிறு வந்த வருடம் வேண்டும். மற்ற வருடங்களில் நாலாவதும் கடைசியும் ஒரே நாள், அவற்றால் பயனில்லை. 1971இல் ஐந்து ஞாயிறு.

மே 19, 1971. ஹோபர்ட்டின் கையெழுத்து. "ஸ்டாம்ப்பர் குன்று, கடைசி ஞாயிறு, 30."

கையிலிருந்த ரொட்டியைப் பெட்டி மேல் வைத்தாள். சந்தேகம் தீர்ந்துவிட்டது, இனி பயம்தான் பாக்கி. ஆனாலும் முறையாகச் செய்து பழகியவளுக்கு ஒரு சான்றோடு எழுந்துவிட முடியவில்லை. இன்னொரு ஐந்து ஞாயிறு வருடத்தையும் பார்த்துவிடலாம் என்று பழைய பெட்டியை இழுத்தாள். பதற்றத்தில் 1958ஐ எடுத்துவிட்டாள். இரண்டு பக்கம் ஒன்றோடொன்று ஊசி குத்தி மூடியிருந்த இடத்தில் நோட்டு தானாகப் பிரிந்தது. ஊசியை எடுத்தாள்.

"பிப்ரவரி 11. 7.15. அடக்கம்: எல்சி நோபல்." அதன் கீழே பென்சிலில்: "எல்சி உயிரோடு இருக்கிறார். இறந்தது ஏர்ல் நோபல். போனில் தவறாகக் கேட்டுவிட்டேன். 7.40க்கு எல்சியே கூப்பிட்டார். முழுப் பன்றித்தொடை ஒன்று வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். ஹோ.சை."

எப்படித் தெரியும் என்று டாக்கெட் கேட்டிருந்தார். இப்போது தெரிந்தது.

1958 நோட்டைத் தன் மேசையில் வைத்துவிட்டு, 1971 பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு ஹோபர்ட்டின் அறைக்குப் போனாள். அறுபத்தெட்டு வயதிலும் தினமும் கழுத்துப் பட்டை கட்டி வருகிறவர். பதிவைப் படித்தார், அட்டையைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான், மிஸ்டர் சைஸ்மோர். நாளைக்குக் காலையில திருத்திச் சொல்லிடறேன்."

"சொல்லக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை..."

"சனிக்கிழமை பிறந்தநாள். நமக்கு விளம்பரம் தர்ற மாவு கம்பெனிக்காரன், நீதிபதி, மூணு பிரசங்கியார் வர்றாங்க. வெள்ளிக்கிழமை நாம தப்பாச் சொல்லிட்டோம்னு சொல்லிட்டு, சனிக்கிழமை இருபத்தேழு வருஷமாத் தப்பே இல்லன்னு படிப்பியா? பூ வைக்கிறதுக்கு எந்த ஞாயிறா இருந்தா என்னம்மா? குன்று எங்கேயும் ஓடிப்போகாது."

"ஆளுங்க ரெண்டு நாளாப் பிரிஞ்சு வருவாங்க, சார்."

"திங்கட்கிழமை பேசலாம்," என்றார் ஹோபர்ட். கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறிவிட்டது.

வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். வேலை போனால் லிக்ஃபோர்க்கில் வேறு வேலை தையல் தொழிற்சாலைதான், அங்கேயும் ஆள் எடுத்து ஒரு வருடமாகிறது. அது ஒரு பக்கம். வானொலியில் சொன்னார்கள் என்று தனக்குத் தெரிந்ததையே மாற்றிக்கொண்ட ஐவாவின் குரல் இன்னொரு பக்கம். வகுப்புக்குப் போகவில்லை. சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் மட்டம்.

*

ஐவா ஸ்டாம்ப்பரின் வீடு ஓடைக்கு மேலே இருந்தது. சமையலறை மேசை முழுக்கக் காகிதப் பூக்கள். ஒவ்வொன்றாக உருக்கிய மெழுகில் முக்கி, கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கிளென்னா உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகள் வரிசை மாறி வந்தன.

ஐவா இரண்டு பூக்களை முக்கித் தொங்கவிட்ட பிறகுதான் பேசினார்.

"அப்ப நான் நினைச்சதுதான் சரி."

"ஆமாங்க."

"இருபத்தாறு வருஷமா அந்தக் குன்றுக்குப் போறேன். எனக்குத் தெரியாதா என்ன? ஒரு சின்னப் பொண்ணு ரேடியோல சொன்னதும், நமக்குத்தான் மறந்துபோச்சு போலன்னு நினைச்சேன் பாரு." மெழுகுச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார். "உன் மேல கோபம் வரல. என் மேலதான் வருது. உக்காரு, நிக்காத."

லோன்ஸோவுக்கு போன் செய்தார்கள். கிளென்னாவுக்கு ஒரு பக்கத்துப் பேச்சுதான் கேட்டது. "ஆமா... இல்ல, அந்தப் பொண்ணே வந்திருக்கு... மறுபடி மாத்த முடியுமான்னு கேளுங்களேன்... ஏரிக்கா?... குடும்பத்தோடயா... சரி, சரி, திட்டாதீங்க."

போனை வைத்தார். "லீவை வாங்கினவன் ஏரிக்கரையில அறை பிடிச்சுட்டானாம். திருப்பித் தர மாட்டான். லோன்ஸோவுக்கு இந்த ஞாயிறு விட்டா ஆகஸ்ட் வரைக்கும் கிடையாது."

"அப்ப இந்த ஞாயிறே வச்சுக்கலாங்களா?"

"வச்சுக்கலாம். இங்க இருக்கிற சனத்தை நீ ரேடியோல சொன்னா வந்துடும். கிரிட்டுக்கு எப்படிச் சொல்றது? உங்க கோபுரம் ஹாமில்டனுக்கு எட்டுமா?"

"எட்டாதுங்க."

ஐவா அங்கேயே கிரிட்டின் எண்ணைச் சுழற்றினார். "கிரிட், நான் ஐவா, வைக்காத..." அவ்வளவுதான். போனைக் காதிலிருந்து எடுத்துக் கிளென்னாவின் பக்கம் நீட்டினார். வெறும் இரைச்சல்.

"அஞ்சு வருஷம் அவன் சனிக்கிழமைதோறும் உங்க மைக் முன்னாடி நின்னவன். பன்னிரண்டு தொண்ணூறுன்னு சொன்னா ஒருவேளை கேப்பான்," என்றார் ஐவா. எண்ணை மாவுப் பையின் ஓரத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "காலை ஷிப்ட்டு. மூணரைக்கு மேலதான் வீட்ல இருப்பான். இது உன் வேலை கண்ணு. எனக்குத் திராணியில்ல."

*

வெள்ளிக்கிழமை ஏழே காலுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. கிளென்னா தான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தே படித்தாள், பார்க்காமல் பேசினால் குரல் உடையும் என்று.

"ஸ்டாம்ப்பர் குன்றுக்கு மே மாதத்தின் கடைசி ஞாயிறுதான் வழக்கம். நாலாவது ஞாயிறு என்று இத்தனை நாளும் நான் படித்தது தவறு. அது என் தவறு. அதை நம்பிச் சிலர் ஏற்பாடு செய்துவிட்டதால், குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி இந்த வருடம் மட்டும் இருபத்து மூன்றாம் தேதி, அதாவது நாளை மறுநாள். தெரியாதவர்களுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள்."

எஸ்டில் அடுத்த இசைத்தட்டில் ஊசியை வைத்தார். கை கொஞ்சம் தவறியது, பாட்டு இரண்டாவது அடியிலிருந்து தொடங்கியது.

"தங்கச்சி, பெரியவர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"கூடாதுன்னாரு."

எஸ்டில் கதவைப் பார்த்தார். "அப்ப நான் இன்னைக்குக் கழிவறையிலேயே இருந்துக்கறேன்."

ஹோபர்ட் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டார். கழுத்துப் பட்டை இல்லை. அவரைப் பட்டை இல்லாமல் கிளென்னா பார்த்ததே கிடையாது.

"உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

கிளென்னா 1958 நோட்டை மேசையில் திறந்து வைத்தாள். அப்படிச் செய்ய வேண்டும் என்று திட்டமிடவில்லை. நோட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஹோபர்ட் தன் கையெழுத்தையே வெகுநேரம் படித்தார்.

"ஊசியை நீதான் எடுத்தியா?"

"ஆமாங்க."

"எல்சி மனுஷன் கதவைத் திறந்து, 'ஹோபர்ட், என் அடக்கத்துக்குப் பாட்டு மட்டும் நல்லாப் போட்டுடு'ன்னாரு. எனக்குக் கூசிப்போச்சு. அடுத்த வாரத்துல இருந்துதான் தப்பே சொன்னதில்லன்னு சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லிச் சொல்லி எனக்கே..." நோட்டை மூடினார். "அந்த வரியை எடுத்துடு."

"சரிங்க."

"இரு. இருக்கட்டும்." வாசல் வரை போனார். "இல்ல, எடுத்துடு. உன் வேலையைப் பத்தித் திங்கட்கிழமை பேசலாம். பேசத்தான் போறேன், மறந்துடுவேன்னு நினைக்காத."

"சரிங்க, மிஸ்டர் சைஸ்மோர்."

பகல் நகரவே இல்லை. பத்து மணிக்குப் பண்டமாற்று நிகழ்ச்சியில் ஒருவர் கோழிக்கூண்டு கொடுத்துச் சலவை இயந்திரம் கேட்டார். கிளென்னா அதை மாற்றிப் படித்தாள், உடனே திருத்தினாள். ஸ்டாம்ப்பர் சனம் நாலு பேர் போன் செய்தார்கள். அதில் ஒருவர் திட்டினார், மற்ற மூவரும் எந்த ஞாயிறு என்று மறுபடி கேட்டார்கள். ஹாமில்டனோடு தொடர்புள்ளவர் யாருமில்லை. நாளை இரவுக்குள் கிரிட்டுக்குத் தெரியாவிட்டால் பிறகு வழியில்லை. ஏழு மணிநேர மலைப் பாதை அது.

மூன்றே முக்காலுக்கு எண்ணைச் சுழற்றினாள். எட்டாவது தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"யாரு?"

"கிரிட் ஸ்டாம்ப்பருங்களா? நான் லிக்ஃபோர்க்கில இருந்து, பன்னிரண்டு தொண்ணூறு..."

"ஐவா சொல்லிக் குடுத்தாளா?"

"எண்ணை அவங்கதான் குடுத்தாங்க. பேசறது நான்தான். அறிவிப்புப் படிக்கிற கிளென்னா."

"ரேடியோக்காரின்னு நான் எப்படி நம்பறது? படி பாக்கலாம், எப்பவும் படிக்கிற மாதிரி."

அவள் எழுந்து நின்றாள். எதற்கு நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. காலையில் படித்த தாளை எடுத்து அதே வேகத்தில் போனில் படித்தாள். 'அது என் தவறு' என்ற இடத்தையும் விடவில்லை.

"ரேடியோல தப்பா? ஹோபர்ட் தப்பே சொன்னதில்லன்னு பீத்திக்குவாரே."

"1958ல எல்சி நோபலை உயிரோட புதைச்சிருக்கோம்."

கிரிட் சிரித்தார், இருமல் கலந்த சிரிப்பு. "எல்சி எங்கம்மா வழியில சொந்தம். அன்னைக்கு நான் அவர் வீட்லதான் இருந்தேன். தன் சாவுச் சேதியைக் கேட்டுக்கிட்டே ரெண்டு முட்டை தின்னாரு." சிரிப்பு நின்றது. "லோன்ஸோ வர்றானா?"

வருவாரா என்று தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆள் வர வேண்டுமென்றால் அதுதான் நல்ல பதில். ஆனால் ஒரு வாரம் முழுக்க உறுதியில்லாத ஒன்றை உறுதியாகச் சொல்லியாகிவிட்டது. இப்போது உறுதியாகத் தெரிந்ததை மறைக்க அவளுக்கு நாக்கு வரவில்லை.

"வர்றாருங்க. நான் தப்பாச் சொன்னதைக் கேட்டு, கடைசி வார லீவைக் குடுத்துட்டு இதை வாங்கியிருக்காரு."

"டேப்பு எடுத்துட்டு வர்றானா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

எங்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாரோ என்று அவள் வாயைத் திறக்கும்போது குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை விடியக்காலைல கிளம்பினாலும் பதினொண்ணு ஆயிடும். நான் வர்றேன்னு சொல்லாத. வந்தா வந்தேன். ஆனா அந்தக் கல்லைப் பதினொரு மணி வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லு. லோன்ஸோகிட்டயும் சொல்லு. அவன் அவசரக்குடுக்கை, தனியாத் தூக்கி முதுகை உடைச்சுக்குவான்."

"சொல்லிடறேங்க."

"பதினொண்ணு. திருப்பிச் சொல்லு."

"பதினொண்ணுங்க."

வைத்துவிட்டார். கிளென்னா உடனே ஐவாவுக்குச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கும் எடுக்கவில்லை, ஆறரைக்கும் எடுக்கவில்லை. பிறகுதான் நினைவு வந்தது, பூ ஞாயிறுக்கு முந்தின வெள்ளி, குன்றில் புல் வெட்டப் போயிருப்பார்கள். பகலில் மட்டும் ஒலிக்கும் நிலையம் அது, சூரியன் மறைந்ததும் எஸ்டில் மூடினார். அவள் விளக்கடியில் நோட்டைப் பிரித்தாள்.

மே 21, 1976. வெள்ளி.
இன்றைய தவறு: கோழிக்கூண்டையும் சலவை இயந்திரத்தையும் மாற்றிப் படித்தேன், திருத்தினேன்.
இன்றைய வேலை: ஸ்டாம்ப்பர் குன்று திருத்தம். கிரிட் ஸ்டாம்ப்பருடன் பேசினேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.
நாளை: காலை ஆறு மணிக்கு ஐவாவுக்கு போன். எடுக்காவிட்டால் ஏழே கால் அறிவிப்பு முடிந்ததும் நேரில் போக வேண்டும். சொல்ல வேண்டியது: ஞாயிறு அன்று பதினொரு மணி வரை கல்லை யாரும் தொட வேண்டாம்.